வலமாகவே திருப்பிய கந்தையா

இலங்கையில் கித்துல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைப் பெக்டரியில் முப்பத்தாறாம் வருஷம் மெஷின் பூட்டும் பிட்டராக இருந்தவன் கந்தையா. இரும்பைத் தெரிந்து வந்தவன் அல்ல. தோட்டத்துக் கூலியாட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணிக்குத் தங்கச்சி சின்னம்மாவை இரண்டாந்தாரமாய்க் கட்டிக் கொடுத்து அந்த வேலைக்கு வந்தவன். கங்காணியின் செத்துப்போன மூத்த தாரத்தின் அக்கா மகன் முத்துவீரன் அதே பெக்டரியில் எண்ணெய் விடுகிறவன். அந்த முறையில் கந்தையா அவனுக்கு மாமன். எந்த மெஷின் எப்படி முனகும் என்று முத்துவீரனுக்கு அத்துப்படி. மாமனுக்குத் தெரிந்தது மீசை முறுக்குவது.

அந்த வருஷம் மெஷின்களை ஓட்டும் நீண்ட இரும்புத் தண்டான ஷாப்டை இருமுனையிலும் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துபோயின. கொழும்பிலிருந்து புதுசு வந்தது. பேரிங்கை ஏற்றி, அதன் பூட்டு வளையத்தை ஷாப்ட் சுற்றும் பக்கமாகவே திருப்பி இறுக்கி, பிறகு திருகாணியை முடுக்கவேண்டும். ஒரே ஷாப்ட்தான், ஒரு முனையில் நின்று பார்த்தால் வலமாகச் சுற்றும், மறுமுனைக்குப் போனால் இடமாகத் தெரியும். இவ்வளவுதான் சங்கதி. அது கந்தையாவின் மண்டையில் ஏறவில்லை.

முதல் முனையில் சூடம் கொளுத்தி வலமாகத் திருப்பினான். தற்செயலாய்ச் சரியாக விழுந்தது. மறுமுனையிலும் வலமாகவே திருப்பப் போனான்.

"மாமா, இங்கன நின்னு பாத்தா இடமா சுத்துதுங்க. வளையத்தையும் இடமா திருப்புங்க."

"இடமா சுத்த இது என்ன எழவு வீடாடா? போயி எண்ணெய்ச் சட்டியத் தூக்கு."

ஓடவிட்ட கால்மணி நேரத்தில் அந்த வளையம் கழன்றது. ஷாப்ட் நகர்ந்து பெல்ட் நழுவியது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடிவந்தார். கழலாமல் நிற்கும் வளையத்தைப் போட்டது தானென்றும், கழன்றதைப் போட்டது முத்துவீரன் என்றும் கந்தையா கூசாமல் சொன்னான். அப்படியானால் நாளைக்கே மலையில் புல்வெட்டப் போ என்றார் டீமேக்கர் முத்துவீரனிடம்.

முத்துவீரனுக்குப் பெக்டரி வேலை போனால் பெக்டரி லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும்; பெண்சாதி ஜெயம்மாவுக்கோ நிறைமாதம். ஆனாலும் அவன் கெஞ்சவில்லை.

"ரெண்டு பேரும் மறுபடி போட்டுக் காட்டுறோங்க ஐயா. மாமா மொதல்ல போடட்டும்."

கந்தையா ஏணியில் ஏறினான். டீமேக்கர் கண்முன்னாலேயே, மகா வித்துவான் போல, மறுபடி வலமாகத் திருப்பினான். ஓடவிட்டதும் மறுபடி கழன்றது. முத்துவீரன் ஏறி இடமாகத் திருப்பி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருகாணியை முடுக்கினான். பொழுது சாயும்வரை ஷாப்ட் அசையவில்லை.

முத்துவீரன் பெக்டரியிலேயே நிலைத்தான். கந்தையாவையும் யாரும் விலக்கவில்லை. பெரிய கங்காணியின் மச்சான் அல்லவா? பிட்டர் என்ற பெயரோடு, மருமகன் மேலே வேலை செய்ய, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இறுக்கிப் புடிங்க மாமா," என்பான் முத்துவீரன், குனிந்துகூடப் பார்க்காமல்.