செவ்ரானில் கேட்ட என் பழைய சொல்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு லண்டனில் ரயில் ஏறினேன். பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம். பிரான்சில் நேரம் ஒரு மணி முன்னே ஓடுவதால், இறங்கும்போது அங்கே இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. கடலுக்கு அடியில் போகும் பகுதி இருபது நிமிடந்தான். பதினெட்டு ஆண்டுகளாக நான் இந்த ரயிலில் ஏறாததற்கு அந்த இருட்டில் ஒரு நியாயம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் சாருமதி பிசியோதெரபி படித்தவள். ஸ்கொட்லாந்தில் ஒரு ரக்பி அணியின் வீரர்களுக்குத் தோளும் முழங்காலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தோளைக் காட்ட வந்தவர்தான் யூவன். அவளுக்குப் பிடித்துப்போய், லண்டனுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். தலையும் கழுத்தும் ஒரே அகலம். ஒரு காது கசங்கியிருந்தது. அவர் எதிரே இருக்கும்போதே, தமிழ் விளங்காது என்ற துணிவில், "இந்த மாட்டோடையோ நீ சீவிக்கப் போறாய்?" என்று மகளிடம் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்.

கலியாணத்துக்கு நான் போகவில்லை. பிறகு அவர்கள் பிரான்சுக்குக் குடிபோனார்கள். மகளும் பேரனும் லண்டனுக்கு வந்துபோவார்கள், அவர் வருவதில்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன் நான். ஆனால் வீட்டில் அந்த மனிதரை 'அவன்' என்றுகூடச் சொன்னதில்லை, 'அது' என்றே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன சொல் அவருக்கு விளங்கியதா என்பதை அறிய வேண்டும், விளங்கியிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தப் பயணம் அதற்காகத்தான்.

மகளுக்கு அன்று வேலை. பாரிஸ் ரயில் மேடையின் முடிவில் யூவன் தனியே நின்றார். தலைமயிர் பாதி போய்விட்டது, தோள் மட்டும் அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் பேச மூன்று வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"வாடா ராசா! களைச்சுப் போனியோ?"

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஏளனம் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஏளனம் இல்லை, நல்ல கவலைதான் இருந்தது. "பசிக்குதோடா? சோறு தீத்தவோ?" என்று அடுத்ததையும் கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது. என் மகள் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர் அவர். பெரியவர்களோடு பேசும் தமிழ் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அதற்குக் காரணமும் நான்தான்.

நிலையத்திலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடை பத்து நிமிடம். சேலைக்கடையையும் நகைக்கடையையும் தாண்டி, கொத்துரொட்டித் தகட்டுச் சத்தம் வந்த ஒரு கடைக்குள் நுழைந்தோம். தேநீர் ஒன்றரை யூரோ, ஆட்டிறைச்சி ரோல்சும் ஒன்றரை யூரோ. ரோல்ஸ் லண்டனில் கிடைப்பதைவிட உறைப்பு.

"வாங்கோ யுவன் அண்ணை!" என்றார் கடைக்காரர். யூவன் என்ற பெயர் லா சப்பலில் யுவன் ஆகியிருந்தது. "ஆர் இந்த ஐயா?"

"இவன் என்ர மாமா" என்றார் என் மருமகன்.

கடைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. "ஐயா, குறை நினையாதேங்கோ. ஆளுக்கு மரியாதை 'ங்கோ' வராது. பொலிஸ் வந்து நிண்டாலும் 'இரடா ராசா' தான். நாங்களும் திருத்திறேல்லை."

"ஏன் திருத்திறேல்லை?" என்றேன், வாத்தியார் குணத்தில்.

"திருத்தினா பிறகு ஆர் என்னை ராசா எண்டு கூப்பிடுறது? என்ர மனிசியோ?"

அங்கிருந்து, அவர்கள் குடியிருக்கும் புறநகரான செவ்ரானுக்கு ரயிலில் அரை மணி நேரம். பயணச்சீட்டு இரண்டரை யூரோ. போகும் வழியில் யூவன் தன் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். பிறந்தது ஸ்கொட்லாந்தின் தெற்கு எல்லையில், மாட்டுப் பண்ணை ஒன்றில். ஆடியது முன்வரிசையில். ரக்பியில் இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பூட்டி, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். ஆங்கிலத்தில் ஸ்க்ரம், பிரெஞ்சில் மெலே. அதில் முதலில் முட்டுகிறவர் இவர். நாட்டு அணியில் ஒரே ஒருமுறை, ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள் களத்தில் நின்றார். பிறகு தோள் போய்விட்டது. பிரான்சின் தெற்கே ஒரு கழகத்தில் ஆடி, அங்கேயே பயிற்சியாளரானார். கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியபோது இவரை விலக்கிவிட்டார்கள். இப்போது செவ்ரானில் பிள்ளைகளைப் பயிற்றுகிறார்.

படிப்படியாக இறங்கிய கதை என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். பழைய புத்தி. ஆனால் செவ்ரான் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் இளைஞர்கள் தெருவைக் கடந்து வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். நான் போட்ட மதிப்பெண்ணை அழிக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைதானம். நல்ல குளிர், புல்லைவிடச் சேறு அதிகம். மகளும் நானும் கோட்டோரம் நின்றோம். கறுப்புப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர். அவர்களுக்குள்ளே என் பேரன் ஆதி. எட்டெட்டாகக் குனிந்து பூட்டிக்கொண்டார்கள். யூவன் சேற்றில் முழங்காலிட்டு, பிள்ளைகளின் முதுகு மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, கத்தினார்:

"மாடு! மாடு!"

வெளியே நின்ற பிள்ளைகள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். "மாடு! மாடு! மாடு!"

என் வீட்டுக் கூடத்தில் நான் சொன்ன சொல்லை ஒரு மைதானமே எனக்குத் திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, பயப்பிடாதேங்கோ. இஞ்சை அது பாராட்டு. ஆர் நல்லாத் தள்ளினாலும் அவர் மாடு எண்டுதான் சொல்லுவார். இந்தப் பிள்ளையள் அதை ஸ்கொட்லாந்துச் சொல் எண்டு நினைக்குதுகள்."

இடைவேளையில் யூவன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். தயார் செய்த மூன்று வாக்கியங்களில் ஒன்றும் நினைவில் இல்லை. தமிழில்தான் வந்தது.

"அண்டைக்கு நான் உங்களைப் பாத்து ஒரு சொல் சொன்னனான்."

"ஓம். மாடு."

"அப்பவே விளங்கினதோ?"

"இல்லை. ராத்திரி இவளைக் கேட்டன். அழுதழுது சொன்னாள். ஏன் அழுறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை. எங்கட வீட்டிலை மாடுதானே சோறு தந்தது? முன்வரிசைக்காரனை மாடு எண்டால் அவனுக்கு நெஞ்சு நிமிரும். மாமா ரக்பி தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சன்." போத்தலை மூடினார். "கலியாணத்துக்கு நீ வரேல்லை. அப்பதான் விளங்கினது."

"பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் சேற்றுக் கையால் என் தோளைப் பிடித்தார். "அழாதடா ராசா" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அதற்குள் களத்திலிருந்து ஆதி பிரெஞ்சில் ஏதோ கத்தினான். என்னவென்று மகளைக் கேட்டேன். "அழுறதெண்டால் பிறகு அழுங்கோவாம், இப்ப கோச்சை விடுங்கோவாம்" என்றாள். பதினெட்டு வருடத்துப் பாரம் அவ்வளவு சுலபமாக இறங்கியதில் எனக்குச் சிறிது வெட்கமும் இருந்தது.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். படுக்கப் போகுமுன் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: அவருடைய தமிழைத் திருத்த வேண்டாம்.

ஞாயிறு பிற்பகல் திரும்பினேன். பெட்டி வந்ததைவிடக் கனம். லா சப்பல் மிளகாய்த்தூள் அதில் இரண்டு கிலோ. கார் து நோரில் பயணிகள் வரிசை வரை யூவன் வந்தார். லண்டனில் என் தெருவில் யாரும் யாரையும் ரயிலேற்றிவிடப் போவதில்லை. நானும் யாருக்காகவும் எந்த நிலையத்திலும் போய் நின்றதில்லை.

"போட்டு வாறன், மருமகன்" என்றேன். அவரை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

"வடிவாப் போட்டு வாடா ராசா. சறுக்கி விழாதை!" என்று நிலையம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

எனக்குப் பின்னால் நின்ற தமிழ் அம்மா ஒருத்தி திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஐயா, அந்த வெள்ளை உங்களை என்னெண்டு கூப்பிட்டது?"

"ராசா எண்டு" என்றேன்.