சூசைதாசன் சம்மாட்டியின் கடவுச்சொல்

குருநகர்ச் சூசைதாசன் சம்மாட்டி மூன்று படகுகளுக்கு முதலாளி. இரண்டு வருடமாக ஓர் இணையத்தளத்துக்கும் முதலாளி. அதில் நண்டும் கருவாடும் விற்கிறார். கணினியை அவர் தொடுவதில்லை. அது யசிந்தாவின் வேலை. அவளுடைய சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

போன கிழமை மானிப்பாயிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கத்தினார். காசு அனுப்பியும் நண்டு வரவில்லையாம். யசிந்தா தளத்தைத் திறந்து பார்த்தாள். யாரோ உள்ளே புகுந்து, காசு போடவேண்டிய வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றியிருந்தார்கள்.

சம்மாட்டி உடனே நடவடிக்கை எடுத்தார். வங்கிக்குச் சொல்லவில்லை, பொலிசுக்கும் போகவில்லை. யசிந்தாவை அந்தோனியார் சிலை நின்ற சுருவத்தடிக்குக் கூட்டிப் போனார்.

“கையை வைச்சுச் சத்தியம் பண்ணு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதை.”

“செய்யாத களவுக்கு நான் ஏன் அண்ணை சத்தியம் பண்ண வேணும்?”

“பாஸ்வேர்ட் உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?”

பல நாடு அலைந்து திரும்பியவள் என்பதால் எனக்குக் கணினி தெரியும் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. யசிந்தா என்னை அழைத்தாள். உள்ளே போவதற்குக் கடவுச்சொல்லைக் கேட்டேன். சம்மாட்டி கதவைச் சாத்திவிட்டு என் காதில் ஓதினார்: அவருடைய பெரிய படகின் பெயரும் பதிவு இலக்கமும்.

யன்னலுக்கு வெளியே படகு நின்றது. அதன் முன்முனையான அணியத்தில் அதே பெயரும் இலக்கமும் சிவப்பு எழுத்தில், ஒவ்வொன்றும் ஒரு முழம்.

“மாமா, உந்தப் பேரை அக்கரை மண்டைதீவிலை நிண்டும் வாசிக்கலாமே!” என்றேன்.

“வாசிக்கட்டுமன். அதுதான் பாஸ்வேர்ட் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“இந்தக் கரையிலை எல்லாற்றை பாஸ்வேர்ட்டும் அவையின்ரை வள்ளம்தானே அண்ணை” என்றாள் யசிந்தா. “போனுக்கும் அதுதான், பாங்குக்கும் அதுதான்.”

வேறெங்கோ இருந்து யாரோ திறந்து வைத்திருந்த தளக் கணக்கை மூடினேன். வங்கி இலக்கத்தைத் திருத்தினோம். ஏமாந்தவர்களையும் வங்கியையும் யசிந்தா அழைத்தாள். சம்மாட்டியைப் பொலிசுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தவர், “சரி, நாளைக்கு வா” என்றார் யசிந்தாவிடம். மன்னிப்பு என்ற பெயரில் அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

“வாறதெண்டா புதுப் பாஸ்வேர்டை நான்தான் போடுவன். உங்களுக்குச் சொல்லமாட்டன்.”

“கொம்பனி என்ரையடி!”

“ஓம் அண்ணை. கரை முழுக்கக் கேக்கிற வாயும் உங்கடைதானே?”

அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். நின்றார். அவள் ஆற அமரப் புதுக் கடவுச்சொல்லைத் தட்டினாள்.

பின்னேரம் கரை முழுவதும் சம்மாட்டியின் குரல்: “எங்கடை கொம்பனியிலை இப்ப பாதுகாப்பு எண்டா அந்த மாதிரிப் பாதுகாப்பு. பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது!”