ஓடும் அணு

அறுபதுகளில் விருதுநகரில் கல்லூரி ஆசிரியராக இருந்தேன். ஒருநாள், புதிதாக வந்திருந்த லேசரைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

"ஆற்றல் ஏறிய ஓர் அணு ஒளியை விட்டா, அந்த ஒளி அடுத்த அணுவையும் தூண்டும். நம்மூர்ச் சரவெடி மாதிரிதான். வேகமா ஓடுற அணுவுக்கு அந்த ஒளியோட நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், அதனால அது மட்டும் சேராது."

நாரணாபுரத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்ப ஓடுற அணு தப்பிச்சிருமா சார்?"

"எங்க தப்பிக்க? மத்த அணுக்களோட மோதி வேகம் மாறுனா அதுவும் மாட்டிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவன் உட்காரவில்லை. "பட்டாசு ஷெட்டுல தீப்பிடிச்சப்ப எங்க அக்காளும் ஓடத்தான் செஞ்சா சார். வாசல்ல எல்லாரும் மோதிக்கிட்டாக."

ஓய்வு பெறும்வரை அதே பாடத்தை நடத்தினேன். ஓடும் அணுவைச் சொல்லுமுன் வகுப்பறைக் கதவை விரியத் திறந்து வைப்பேன். காற்றுக்காக என்று மாணவர்கள் நினைத்தார்கள்.