நாலாம் எண்ணை அமுக்காதவர்கள்

தாசில்தாராக ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் இரண்டே உபயோகம்: கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி, மற்றவர்களின் மனுவுக்கு வாசகம். எனக்கு மூன்றாவதாக ஒன்று வாய்த்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் தஞ்சாவூரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கே போன ஆள் சிக்கலில் மாட்டினால் இங்கே குடும்பம் யாரைக் கேட்பதென்று தெரியாமல் அலைகிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று செய்ய முடிவெடுத்தார்கள்.

"கேள்வி பதிலெல்லாம் நீங்க எழுதுங்க சார், மெஷின்ல ஏத்துறதை இந்தம்மா பாத்துக்குவாங்க" என்றார் தலைவர். இந்தம்மா என்பவர் சென்னைக் கம்பெனியை விட்டுவிட்டுப் பாபநாசத்தில் குடியேறிய இன்ஜினியர்.

எழுதினேன். முதல் கேள்வி: உங்கள் ஆள் எந்த நிலையில் இருக்கிறார்? ஒன்று, சம்பளத் தகராறு. இரண்டு, மருத்துவமனை. மூன்று, சிறை. நான்கு, மரணம். எண்ணுக்கு ஒரு பாதை. நாலாம் பாதையில்தான் எனக்குப் பெருமை அதிகம். போலீஸ் அறிக்கை, மரணச் சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, உடலை ஊருக்கு அனுப்பவோ அங்கேயே அடக்கம் செய்யவோ மனைவி தரவேண்டிய சம்மதக் கடிதம், எதையும் விடவில்லை. முதல் வரி: 'ஆழ்ந்த இரங்கல்கள்.'

"எண் மட்டும் போதாது சார். ஜனங்க இஷ்டப்படி எழுதினாலும் புரிஞ்சுக்கிற மாதிரி ஒரு வழி வைப்போம்" என்றார் இன்ஜினியர்.

"இஷ்டப்படி எழுதவிட்டா கல்யாணம் ஆன கதையிலேருந்து ஆரம்பிப்பாங்க. சர்வீஸ் பூரா படிச்சிருக்கேம்மா."

சம்பா நாற்று விடும் சமயத்தில் சாட்பாட்டை வெளியே விட்டோம். வாரம் ஒருமுறை சங்கத்துக்குப் போய், வந்த உரையாடல்களைப் படிப்பேன். அப்படித்தான் குடவாசல் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியதைப் பார்த்தேன். கணவருக்காக இரண்டை அமுக்கியிருந்தார். சாட்பாட் மருத்துவமனையின் பெயர் கேட்டது. 'தெரியாது' என்று எழுதினார். டாக்டரின் கடிதம் வாங்கச் சொன்னது. 'கொழுந்தன்தான் போன்ல பேசுது. என்கிட்ட குடுக்கறதில்லை.' பிறகு: 'வெள்ளைத்தாள்ல கையெழுத்து கேக்குறாங்க. எதுக்கு?'

'மன்னிக்கவும். ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது என் வாசகம்.

மறுபடியும் இரண்டு. அதே கேள்விகள். மறுபடியும் இரண்டு.

ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்காக ஊரிலிருக்கும் மனைவியிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இல்லை. எங்கள் பக்கம் சாவைச் சாவென்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். 'கொஞ்சம் சீரியஸ்' என்பார்கள். வாசலில் பந்தல் எழும்பிய பிறகுதான் வீட்டுக்காரிக்குச் சொல்வார்கள். இதெல்லாம் தெரிந்த நான்தான் நாலு என்று ஓர் எண்ணை வைத்திருந்தேன்.

பதிவில் மாற்று எண்ணாக அந்தப் பெண் கொடுத்திருந்த கொழுந்தனின் எண்ணுக்குப் பேசினேன்.

"ஆமா சார், ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கே போயிட்டாரு. நெஞ்சுவலி. அண்ணிகிட்ட ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கோம்."

"கையெழுத்து எதுக்கு?"

"பாடி வர நாளாகுமாம். அங்கேயே அடக்கம் பண்ணிடறேங்கறான் கம்பெனிக்காரன். பாக்காம இருந்தா அண்ணிக்கும் நல்லதுதான் சார். எல்லாம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

இன்ஜினியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்கேருந்தே அவங்களை நாலாம் பாதைக்கு மாத்திடலாம் சார். கடித விவரமெல்லாம் அவங்களுக்குப் போயிடும். ஆனா முதல்ல உங்க இரங்கல்தான் போகும். மாத்தவா?"

"வேண்டாம்."

அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். "சங்கத்துலேருந்து பேசறேம்மா. அந்தத் தாள்ல கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"கேட்ட அன்னிக்கே போட்டுட்டேன் சார்."

"அது ஆஸ்பத்திரிக்கு இல்லம்மா..."

"தெரியும் சார். மூணு வேளையும் போன் பண்ற மனுஷன். தெரியாம இருக்குமா?"

"எதுக்குன்னு கேட்டிருந்தீங்களே?"

"யாராச்சும் வாய்விட்டுச் சொல்லுவாங்களான்னுதான். நாலை எப்படி சார் நானே அமுக்குவேன்?" பிறகு அவரே கேட்டார். "ஊருக்குக் கொண்டாரத்தானே அந்தக் கையெழுத்து?"

இல்லை என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. பிறகு எனக்குத் தெரிந்ததையே செய்தேன். முந்தைய சம்மதத்தை ரத்து செய்து வேறொரு கடிதம் கொடுக்கலாம் என்று விளக்கினேன். பேனா எடுத்து வந்தார். "காலஞ்சென்ற என் கணவரின் உடலை" என்று ஆரம்பித்தேன். எழுதும் சத்தம் நின்றது.

"மேல சொல்லுங்க சார்" என்றார்.

எழுதி முடித்துப் படம் எடுத்து அனுப்பினார். உடனே தூதரகத்துக்கு அனுப்பினோம். அடக்கம் அன்று காலையிலேயே முடிந்துவிட்டதென்று பதில் வந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை; கொழுந்தன் சொன்னானா, என்ன சொல்லிச் சொன்னான், எனக்குத் தெரியாது.

ஜனங்கள் இஷ்டப்படி எழுத இன்ஜினியர் ஒரு வழி திறந்துவிட்டார். ஜனங்கள் கல்யாணம் ஆன கதையிலிருந்துதான் எழுதுகிறார்கள். தினமும் போய் எல்லாவற்றையும் படிக்கிறேன். நாலாம் எண் இன்னும் அங்கேயே இருக்கிறது. இதுவரை யாரும் அதை அமுக்கவில்லை. இரண்டை அமுக்கிவிட்டு, மருத்துவமனையின் பெயர் தெரியாது என்று எழுதுகிறவர்களை நான் போனில் கூப்பிடுகிறேன்.