பின் கண்ணாடியில் ஐந்து விரல்

செத்துப்போன ஒரு குழந்தை என் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒன்பது நாள் நம்பியவன் நான். வயது ஐம்பத்திரண்டு. பேய்க்கதை சொல்கிறவர்களை டீக்கடையில் நிற்க வைத்து ஓட்டுகிற ஆள் என்று தருமபுரியில் எங்கள் தெருப்பக்கம் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகை மாதத் தூறலில், தொப்பூர் கணவாயில் போனது.

கார் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் லிப்ட் பழுது பார்த்தேன். அதில் பாதிக் காலம் லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவோம். சிக்னலில் லாரி நின்றால் பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கும். கண்ணாடி ஏற்றியிருக்கும், உள்ளே ஏசி. இதே ஊரில் ஓடிய ஒரு கார் நம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அப்போது பிடித்த பைத்தியம். ஊருக்குத் திரும்பும்போது கூட வேலை செய்தவர்கள் தைலமும் சாக்லெட்டும் வாங்கினார்கள். நான் பழைய கார் ஒன்று வாங்கினேன்.

அதே கார் சேலம் ஷோரூமில் புதிதாகவே கிடைக்கும், இதைவிட மலிவாக. சொல்லாத ஆள் இல்லை. நான்தான் கேட்கவில்லை. மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும், சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று ஆயிரம் விதி. வரி, காரைவிடப் பெரியதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கன்டெய்னருக்குள் காரை ஏற்றிக் கதவைச் சாத்தி சீல் வைத்தபோது பக்கத்திலேயே நின்று செல்போனில் படம் எடுத்தேன். அந்த சீல்தான் பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கார் வந்து, நம்பர் பிளேட் மாட்டி, தெரு முழுக்க ஒரு சுற்றுக் காட்டி முடித்தாயிற்று. ஓமலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் அவளை இந்தக் காரில்தான் வீட்டுக்கு அழைத்து வருவேன் என்று சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே அறிவித்திருந்தேன். நாள் பேசி முடிக்க நானும் மனைவியும் ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பினோம். தொப்பூரில் டீ குடிக்க நிறுத்தினேன். அவள் முன் சீட்டில் நல்ல தூக்கம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான் மட்டும் இறங்கினேன்.

டீயோடு திரும்பிப் பார்த்தால், காரின் கண்ணாடியெல்லாம் உள்ளே பனி படிந்து வெள்ளையாக இருக்கிறது. பின் பக்கக் கதவுக் கண்ணாடியில் மட்டும் ஒரு கை. சின்னக் கை. ஐந்து விரலும் விரித்து, உள்ளேயிருந்து அழுத்தியது போல. பின் சீட்டில் யாரும் இல்லை.

டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார். "சார், டீ ஆறுதுங்க. வண்டியையே பாத்துனு நிக்கறீங்க?"

"பாப்பா யாராச்சும் இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?"

"இந்நேரத்துக்கு ஏதுங்க பாப்பா?"

கதவைத் திறந்தேன். குளிர்காற்று உள்ளே போனதும் பனி கலைந்தது. கையும் கலைந்தது. தொட்டுப் பார்த்தேன், வெறும் கண்ணாடி. மனைவி கண்ணைத் திறந்து, "என்னாங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் டீ கையில் கொட்டியது.

வீடு திரும்பியதும் காரைப் பெருக்குகிற சாக்கில் பின் சீட்டின் அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு சாக்ஸ் வந்தது. வெள்ளை, நீலக் கோடு, என் கட்டைவிரல் மட்டுமே நுழையும். ஒன்றுதான் இருந்தது.

அங்கேதான் மூளை கெட்டது. கார் விற்ற இடத்தில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று காருக்குள் ஒளிந்து தூங்கிப் போயிருந்தால்? கன்டெய்னரில் ஏற்றும்போது பின் சீட்டை எட்டிப் பார்த்தேனா? ஞாபகமில்லை. மும்பையில் சீலை உடைத்தபோது நான் கூட இல்லை. அங்கிருந்த ஏஜென்ட் போனில், "சப் டீக் ஹை" என்றான். எல்லாம் சரி என்று அர்த்தமாம். எது சரி? எதைச் சரி செய்தான்? செல்போனில் அந்த சீல் வைத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாத்திய இரும்புக் கதவு. பார்க்கப் பார்க்க அதற்குப் பின்னால் யாரோ தட்டுவது போலிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினேன். பள்ளத்தில் இறங்கினால், "மெதுவா, மெதுவா" என்று பின் சீட்டுக்குச் சமாதானம் சொன்னேன். ஒரு நாள் கிரீம் பிஸ்கட் பாக்கெட் வாங்கி அங்கே வைத்தேன். மறுநாள் காலையில் பாக்கெட் கிழிந்திருந்தது. உள்ளே இரண்டே பிஸ்கட். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கணவாய் இறக்கத்து முனியப்பன் கோயிலுக்கு ஓடினேன். லாரிக்காரர்கள் கற்பூரம் ஏற்றாமல் தாண்டாத இடம். பூசாரி காரைச் சுற்றி வந்தார்.

"வண்டி எந்தூருங்க?"

"சிங்கப்பூருங்க."

"அந்தூருக் காத்துக்குத் தமிழ் தெரியுமான்னு பாக்கறேன். நான் சொல்றது புரியோணுமில்ல."

"அங்க தமிழும் இருக்குதுங்க சாமி. ரயில் ஸ்டேஷன் போர்டுலயே எழுதியிருப்பாங்க."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான்கு டயருக்கும் எலுமிச்சை. குங்குமம் அடைத்த பூசணிக்காய் முன்னால் உடைந்து பம்பரெல்லாம் சிவப்பு. பத்தடி போவதற்குள் தூறல் பிடித்தது. கண்ணாடியை ஏற்றினேன், பனி படிந்தது. கை அதே இடத்தில் இருந்தது.

வளைகாப்புக்கு இரண்டே நாள். கர்ப்பிணி மகளை எந்த நெஞ்சோடு அந்தச் சீட்டில் உட்கார வைப்பேன்? மனைவியிடம் மெல்ல, "வாடகைக் கார் சொல்லிடலாமா?" என்றேன்.

"சிங்கப்பூர் காரு, சிங்கப்பூர் காருன்னு சம்பந்தி வூட்டு நாய்க்குக்கூடச் சொல்லி வெச்சிருக்கறீங்க. இப்ப வாடகைக் காரா? என்ன மறைக்கறீங்க?"

சொன்னேன். சாக்ஸைக் காட்டினேன். பிஸ்கட்டையும் சொன்னேன். "அது நான் தின்னதுங்க. பொம்பளைக்குப் பசிக்காதா?" என்று சிரித்தாள். நேராகக் காரிடம் போனாள். நல்ல மத்தியான வெயில். பின் கதவைத் திறந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் வாயை வைத்து "ஹா" என்று ஊதினாள். ஐந்து விரலும் வந்தன. ஊதுவதை நிறுத்தினாள், போய்விட்டன.

"பிசுக்குங்க. எண்ணெய்க் கைய வெச்சா இப்படித்தான். வெறுந்துணியில தொடச்சாப் போவாது. ஆவி பட்டாத் தெரியும்."

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் இன்னும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இன்னொரு முறை ஊதினாள். கை வந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"ஏங்க, இது நெஜக் கைதானே? அப்ப அந்தப் புள்ள எங்க?"

பேயாக இருந்தால்கூடப் பூசணிக்காயோடு போயிருக்கும். நிஜக் குழந்தை என்றால் என்ன செய்வது? இருவரும் வெயிலில் நின்றோம். அங்கேயே நின்று, கார் விற்ற கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நம்ம தமிழர்தான், எனக்கு விற்ற அதே ஆள். சுற்றி வளைத்து நலம் கேட்டுவிட்டு, "அந்தக் காரு வெச்சிருந்த வீட்டுல சின்னப் பிள்ளை ஏதாச்சும்... நல்லா இருக்குதுங்களா?" என்றேன்.

மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ணே, அந்தப் பையன் ஏதாவது விட்டுட்டுப் போயிட்டானா?"

"சாக்ஸ் ஒண்ணு."

அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. "அவங்கம்மா கடை பூரா தேடுனாங்கண்ணே. மூணாவது பொறந்துருச்சு, பெரிய வண்டி வேணும்னு இதைக் குடுத்தாங்க. அந்த ரெண்டாவது பய எறங்கவே மாட்டேன்னுட்டான். ஒரு கையில வாழைப்பழ பஜ்ஜி, இன்னொரு கைய கண்ணாடியில வெச்சுக்கிட்டு ஒரே அழுகை. என் வண்டி, என் வண்டின்னு. தூக்கித்தான் எறக்குனோம். போன வாரம்கூடப் பெரிய வண்டி சர்வீசுக்கு அவங்கப்பாவோட வந்திருந்தான்."

மனைவி என் சட்டையை விட்டாள். பிறகு உள்ளே போய், சோப்புத் தண்ணீரும் பழைய துணியும் கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கை நிறைய வளையலோடு அதே பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கணவாயில் தூறல் இருந்தது, கண்ணாடியில் பனி படிந்தது, அதில் ஒன்றும் இல்லை. பம்பரில் பூசணிக்காயின் குங்குமக் கறை மட்டும் இன்றுவரை போகவில்லை. டீக்கடையில் அதைக் காட்டி என்னை ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும்.

என்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர் என்று அந்தக் காரைப் பற்றி எல்லாக் காகிதமும் என்னிடம் இருந்தது. அதிலிருந்து ஒருவன் அழுதுகொண்டே இறங்கினான் என்பது எதிலும் எழுதியிருக்கவில்லை. இப்போதெல்லாம் யார் எந்தப் பழைய பொருளை வாங்கி வந்து காட்டினாலும், இதை விட்டுப் பிரிந்தது யாரோ என்று ஒரு நொடி நினைத்துக்கொள்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: தன் காரை விட்டு இறங்க மனமில்லாத ஒரு பையன், பஜ்ஜி எண்ணெய் ஒட்டிய கையைக் கண்ணாடியில் வைத்தான்.