மிஞ்சிய மாத்திரைகள்

முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுவேன். என் மனைவிக்குப் புற்று முதுகெலும்பில் பரவியபோது மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். உப்பளம் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சொல்லைத் தேடினேன். அபினிலிருந்து எடுப்பது, கடும் வலியைத் தணிப்பது, பழக்கமாகிவிடக்கூடியது என்று போட்டிருந்தது. கடைசி வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

மருத்துவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். வலி வந்த பிறகு தருவதல்ல, வராமலிருக்கத் தருவது. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். அடிமையாகிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் என் சட்டம் வேறாக இருந்தது. தாங்க முடியவில்லை என்று அவளே வாய்விட்டுக் கேட்டால்தான் மாத்திரை.

எதையும் கேட்டு வாங்கிப் பழகியவள் அல்ல அவள். "மணி என்னங்க?" என்பாள். பத்தே கால் என்பேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்பாள். பத்தரை என்பேன். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மணியை மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்தார். கணக்குக்கு மேல் செலவாகிவிடக் கூடாது என்று இந்த மாத்திரைக்கு மட்டும் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். அட்டைகளைக் கட்டிலில் பரப்பி எண்ணினார்.

"குறைஞ்சாத்தான் சார் எங்களுக்குப் பயம். உங்க வீட்ல பாதிக்கு மேல மிஞ்சியிருக்கு. அப்ப அம்மா இத்தன நாளா வலியத் தின்னுட்டு இருந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அவரு கொடுத்தாரும்மா. நாந்தான் கசக்குதுன்னு வேணான்னுட்டேன்."

சின்னப் பிள்ளையா நீங்க என்று நர்ஸ் அவளைக் கடிந்துகொண்டார். அவள் சிரித்து வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மறுக்கவில்லை.

அன்று முதல் மணி தவறாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்ததைப் பார்த்து, "இத்தன வயசாகியும் செவுளப் பாத்து வாங்கத் தெரியல உங்களுக்கு" என்றாள். போதையில் கிடப்பாள் என்று நான் பயந்தவள் இவள்தான்.

அடுத்த தடவை மணி கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அதன்பிறகு பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். ஒருதடவைகூட அவள் மணி கேட்கவில்லை.