மாமனாரின் கனம்

வண்டி எப்போது முடியும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், திவாகரன் பதில் சொல்லாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அவனுக்குக் கண்டி டவுனில் ஒரு கராஜில் வேலை. பகலெல்லாம் ஊரார் வண்டியைப் பார்த்துவிட்டு, அம்பிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்ததும் சொந்த வண்டியைப் பார்ப்பான். சொந்த வண்டி என்றால் ஒரு பழைய ஜீப்பின் சேஸி, ஏதோ ஒரு வேனின் என்ஜின், சின்ன லொறி ஒன்றின் பின் அச்சு. மூன்று வீட்டுச் சம்பந்தம், ஒத்துப்போகுமா என்று நாங்கள் கேலி செய்வோம்.

கேலி செய்தாலும் எங்களுக்கும் அந்த வண்டி வேண்டியிருந்தது. லயத்து ரோட்டில் ஆட்டோ ஏறாது. அவனுடைய மாமனார் அழகையாவுக்குச் சீனி வியாதி, காலில் ஆறாத புண். பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அவரைக் கதிரையில் உட்காரவைத்து, மெயின் ரோடு வரைக்கும் நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு நாள் அவர் வர மறுத்துவிட்டார்.

“நாலு பேரு என்னையத் தூக்குறது ஒரு நாளைக்குத்தான். அன்னிக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுவரைக்கும் யாரும் தூக்க வேணாம்.”

மாப்பிள்ளையின் வண்டி வந்தால் போவேன் என்றார். புண் பெரிதாகிக்கொண்டே போனது. இன்னும் தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

ஒருவழியாக வண்டி முடிந்தது. பூசை போடும்வரை ஓட்டுகிறவனைத் தவிர ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்றார் மாமியார் பாலம்மா. அவர் பேச்சுக்கு எங்கள் லயத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது. திவாகரன் தனியாகவே ஓட்டிப் பார்த்தான். பூப்போல ஓடியது. பூசை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அழகையாவைப் பின்னால் உட்காரவைத்து, நாங்களும் நெருக்கியடித்து ஏறினோம். முதல் ஏற்றத்திலேயே காலுக்கடியில் தகடு கிடுகிடுவென்று அதிர ஆரம்பித்தது. என்னை இறக்கிவிடுங்கள் என்றார் அழகையா. பாலம்மா கண்ணூறு என்று மிளகாய் சுற்றப் போனார்.

திவாகரன் மறுபடி தனியாக ஓட்டினான். அதிர்வே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். என்ஜின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டுக்கு இரண்டு முனையிலும் சாய்வு ஒத்திருக்க வேண்டுமாம். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், அச்சு கொஞ்சம் திரும்பும், சாய்வு மாறிவிடும். அவன் அளந்ததெல்லாம் ஒருவரும் ஏறாத வெறும் வண்டியை. இதைச் சொல்லும்போது அவன் பாலம்மா பக்கம் திரும்பவேயில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் பிளேன்டீ போட உள்ளே போய்விட்டார்.

அவன் நேரே அழகையாவிடம் போனான். “மாமா, நீங்க உக்காந்தாத்தான் எனக்குச் சரியான அளவு கெடைக்கும்.”

“மூட்டைய வச்சு அளங்க.”

“மூட்டையா ஆஸ்பத்திரிக்குப் போகுது? நீங்கதானே போறீங்க.”

அழகையா வண்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிடித்து ஏற்றச் சொன்னார். நாங்களும் ஏறிச் சிலை மாதிரி இருந்தோம். திவாகரன் கீழே படுத்து அளந்தான். நான் கொசுவை அடிக்க அசைந்தேன் என்று அழகையா என்னைத் திட்டினார், அவர்தான் மேஸ்திரி போல. அளந்து முடிந்ததும் எல்லோரையும் இறக்கி, வண்டிக்கு முட்டுக்கொடுத்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் மெல்லிய இரும்பு ஆப்பை வைத்து முடுக்கினான் திவாகரன். இரண்டாம் முறை அளக்க நாங்கள் அவசரமாக ஏறிவிட்டோம். வாசலில் கதிரையில் இருந்தவர் கூப்பிட்டார்.

“அடேய், என்னைய விட்டுட்டு அளக்காதீங்க. வந்து தூக்குங்கப்பா.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு ஓடினோம்.

மறுநாளே பேராதனைக்குப் போனோம். ஏற்றத்தில் வண்டி முனகக்கூட இல்லை. டொக்டர் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, பாதம் தப்பும், ஆனால் வாராவாரம் வந்து காட்ட வேண்டும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திவாகரன் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தவன், கிரீஸ் போகாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அழகையா அவன் தோளில் தட்டினார். “அழாதீங்க மாப்பிள்ள. வாராவாரம் வந்துர்றேன். நான் பின்னுக்கு உக்காரலைன்னா உங்க வண்டி அதிரும்ல.”